பி.இ. 6-ல் ஒரு தேயிலைக் கம்பெனி பங்கு: மலிவுதானா?

கேத்தி_கேரட் | சனி, காலை 7:40

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இதுதான் முதல் பதிவு.

இந்தப் போகம் கேரட் மேட்டுப்பாளையத்துல நல்ல விலைக்குப் போச்சு. உரக்கடை பாக்கி, சொசைட்டி கடன் எல்லாம் கட்டினது போக கொஞ்சம் கையில நிக்குது. பங்கு வாங்கலாம்னு பார்க்கிறேன். நமக்குத் தெரிஞ்ச தொழிலா இருக்கட்டும்னு, தேயிலைத் தோட்டம் வச்சிருக்கிற ரெண்டு கம்பெனியை எடுத்தேன். பெயர் சொல்லக்கூடாதுன்னு மன்ற விதி இருக்கறதால அ, ஆ-ன்னு வச்சுக்கறேன்.

அ: விலை 240 ரூபாய். ஒரு பங்குக்கான லாபம் (இபிஎஸ்) 40. பி.இ. (விலையை இபிஎஸ்-ஆல வகுத்தா வர்ற மடங்கு) 6.
ஆ: விலை 450 ரூபாய். இபிஎஸ் 15. பி.இ. 30.

அப்பாகிட்ட பி.இ.ன்னா என்னன்னு சொன்னேன். "தோட்டம் வாங்கறப்ப ஏக்கர் என்ன விலை, வருஷத்துக்கு என்ன வரும்னு கேக்கறோமே, அதுதானே? இதுல என்ன புதுசு?"ன்னார். அந்தக் கணக்குல பார்த்தா அ-வுல போட்ட காசு ஆறே வருஷத்துல எழுந்து வந்துடும், ஆ-வுக்கு முப்பது வருஷம் ஆகும். நான் நினைக்கறது சரியா? பெரியவங்க சொல்லுங்க.

மண்டிக்காரன் | சனி, காலை 8:05

6-ன்னா மலிவு, 30-ன்னா கொள்ளைன்னு இருந்தா அந்த வேலையை கம்ப்யூட்டரே பார்த்துக்கும் தம்பி. பம்பாய்ல இருக்கறவனுக்கும் உனக்குத் தெரியற அதே 6 தெரியுது. அவன் ஏன் வாங்காம விட்டு வச்சிருக்கான்? முதல்ல அதைக் கேளு.

மட்டுறுத்துனர் | சனி, காலை 8:30

வழக்கமான நினைவூட்டல். இங்கே யாரும் செபியில் (பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம்) பதிவுபெற்ற ஆலோசகர் இல்லை. வாங்கு, விற்று என்று எழுதினால் பதிவு நீக்கப்படும். எப்படி மதிப்பிடுவது என்று எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். அ, ஆ என்று எழுதியதற்கு நன்றி.

குன்னூர்_ஏலம் | சனி, காலை 9:15

தம்பி, உங்க அப்பா சொன்னது சரியான கேள்வி. ஆனா அவர் தோட்டம் வாங்கப் போனா "போன வருஷம் என்ன வந்துச்சு"ன்னு மட்டும் கேட்டுட்டு அட்வான்ஸ் கொடுப்பாரா? இலை விலை உச்சத்துல இருந்த வருஷத்து வரும்படியைக் காட்டி ஒருத்தர் விலை சொன்னா, உங்க அப்பா சிரிச்சுட்டு எழுந்து வந்துடுவார். 1998-ல பச்சைத் தேயிலை விலையைப் பார்த்துட்டு, உருளைக்கிழங்கு போட்ட காட்டையெல்லாம் தேயிலையா மாத்தினவங்க இந்த ஜில்லாவுல எத்தனை பேர்? அடுத்த ஒண்ணு ரெண்டு வருஷத்துல விலை எங்க போச்சுன்னு கேத்தியில எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார்.

பி.இ.-யில ரெண்டு எழுத்து இருக்கு. மேல இருக்கற விலையை எல்லாரும் நாள் பூரா பார்த்துட்டு இருக்காங்க. கீழ இருக்கற லாபத்தைத்தான் யாரும் திறந்து பார்க்கறதில்லை. அது வழக்கமா கடைசி நாலு காலாண்டோட கூட்டுத்தொகை. அதாவது நடந்து முடிஞ்சது. நீங்க வாங்கப் போறது இனிமேல் வரப் போற லாபத்தை.

தேயிலையில இந்த லாபம் எப்படி ஆடும்னு ஒரு சின்ன கணக்கு. எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். ஒரு கிலோ தூள் தயாரிக்கற செலவு 140 ரூபாய், ஏலத்துல கிடைக்கறது 150. கிலோவுக்கு 10 ரூபாய் லாபம். ஏல விலை 170 ஆனா? செலவு அப்படியே இருக்கு, லாபம் 30. விலை ஏறினது 13 சதவீதம், லாபம் ஏறினது மூணு மடங்கு. அதே விலை 135-க்கு இறங்கினா லாபமே கிடையாது, கிலோவுக்கு 5 ரூபாய் கைய விட்டுப் போகுது. தோட்டத்துச் செலவுல பெரும்பங்கு கூலி. விலை இறங்கிடுச்சுன்னு கூலியைக் குறைக்க முடியாது, பறிப்பை நிறுத்தவும் முடியாது. நிறுத்தினா இலை முத்திப் போயிடும்.

2020-ல ஊரடங்கால அசாம்ல பறிப்பு நின்னு, நாடு பூரா தேயிலை உற்பத்தி குறைஞ்சு, ஏல விலை எகிறிடுச்சு. அந்த வருஷத்து லாபத்தை வச்சு 2021-ல பி.இ. போட்டுப் பார்த்தவங்களுக்கு தோட்டக் கம்பெனி எல்லாமே மலிவாத்தான் தெரிஞ்சிருக்கும்.

அதனால முதல் வேலை: அ கம்பெனியோட ஆண்டறிக்கையை இறக்கி, அந்த 40 ரூபாய் எங்கிருந்து வந்துச்சுன்னு பாருங்க. கூடவே பின்னாடி அஞ்சு வருஷத்து இபிஎஸ்-ஐயும் எடுத்துட்டு வாங்க. பிறகு பேசலாம்.

வெலிங்டன்_ஓய்வு | சனி, காலை 10:20

ஏலம் ஐயா சொல்றது தேயிலைக்குச் சரி. ஆனால் புதுசா வர்ற பையன்களை இப்படிப் பயமுறுத்தினா யாரும் எதையும் வாங்க மாட்டார்கள். நான் எளிமையா ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். பி.இ.-யைத் தலைகீழாகப் போடு. 6 என்றால் ஆறில் ஒன்று, 16.7 சதவீதம். 30 என்றால் 3.3 சதவீதம். அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 2023 ஏப்ரலிலிருந்து 8.2 சதவீதம் கொடுக்கிறது. அதாவது அஞ்சலகத்தின் பி.இ. சுமார் 12. அதைவிடக் குறைவாக இருந்தால்தான் நான் பங்குப் பக்கமே திரும்புவேன்.

கோல் இந்தியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2010-ல் 245 ரூபாய்க்கு வெளியிட்டார்கள். 2020 கடைசியில் 120 ரூபாய் பக்கம் கிடந்தது. பி.இ. ஐந்து பக்கம். "அரசு கம்பெனி, நிலக்கரிக்கு எதிர்காலம் இல்லை" என்று எல்லோரும் ஒதுக்கினார்கள். 2024-ல் அது 500-ஐத் தாண்டியது. நடுவில் வந்த ஈவுத்தொகை தனி. குறைந்த பி.இ. வேலை செய்யாது என்று யார் சொன்னது?

கோத்தகிரி_டீச்சர் | சனி, காலை 11:00

// அஞ்சலகத்தின் பி.இ. சுமார் 12 //

தலைகீழாகப் போடுவது நல்ல பழக்கம் சார், நானும் செய்வேன். ஆனால் ஒரு வித்தியாசம். அஞ்சலகத்தின் 8.2 உங்கள் கணக்கில் வந்து விழுகிறது. கம்பெனியின் 16.7 கம்பெனியிடம்தான் இருக்கிறது. அதில் எவ்வளவு ஈவுத்தொகையாக வருகிறது, மீதியை நிர்வாகம் எதில் போடுகிறது என்பது வேறு கேள்வி. கோல் இந்தியாவில் பெரும்பகுதியை ஈவுத்தொகையாகக் கொடுத்தார்கள், அதனால் உங்கள் கணக்கு பலித்தது.

இன்னொன்று, அஞ்சலகத்தில் வட்டி ஐந்து வருஷத்துக்குக் கூடாது, குறையாது. கம்பெனி லாபம் அப்படி இல்லை. வளர்ந்தால் உங்களுக்கு லாபம், தேய்ந்தால் அந்த 16.7 வெறும் காகிதத்தில்தான்.

குன்னூர்_ஏலம் | சனி, மதியம் 12:10

// குறைந்த பி.இ. வேலை செய்யாது என்று யார் சொன்னது? //

நான் சொல்லலை. அந்த லாபம் நிக்குமான்னு மட்டும்தான் கேட்டேன். உங்க உதாரணத்தையே பாருங்க. கோல் இந்தியா லாபம் 2019-20-ல சுமார் 16,700 கோடி, 2020-21-ல 12,700, அடுத்த வருஷம் 17,300-க்கு மேல. கொரோனா வருஷத்துல கூட கால் பங்குதான் இறங்கிச்சு. சந்தை இந்த லாபம் கரைஞ்சு போகும்னு நினைச்சு விலை போட்டுச்சு, கரையலை. அந்த வித்தியாசம்தான் உங்க பைக்கு வந்தது.

இப்ப அதுக்கு எதிர்ப் பக்கம். டாடா ஸ்டீல் 2021-22-ல ஒட்டுமொத்தக் கணக்குல 41,700 கோடிக்கு மேல லாபம் காட்டிச்சு. அந்த மார்ச்ல பி.இ. 4 பக்கம். இதைவிட மலிவா வேற என்ன வேணும்னு தோணும். அடுத்த வருஷம் லாபம் 8,000 கோடி சொச்சம். அதுக்கடுத்த வருஷம், 2023-24-ல, 4,900 கோடி நஷ்டம். அப்ப பி.இ.-ன்னு ஒண்ணே கிடையாது, நஷ்டத்தை வச்சு அதைப் போட முடியாது.

இதுல வேடிக்கை என்னன்னா, விலை அந்த அளவுக்கு விழலை. பங்கைப் பத்தாப் பிரிச்சதைச் சரிசெஞ்சு பார்த்தா, 2022 மார்ச்ல இருந்ததைவிட 2024 மார்ச்ல கொஞ்சம் மேலதான் இருந்துச்சு. பி.இ. 4-ஆ இருந்தப்ப வாங்கினவருக்கும் அள்ளிக் கிடைக்கலை, பி.இ. இல்லாதப்ப வாங்கினவர் ஒண்ணும் அழிஞ்சும் போகலை. 4-ன்னு காட்டினப்பவே சந்தைக்குத் தெரியும், இரும்பு விலை இப்படியே இருக்காதுன்னு. அதான் மண்டிக்காரர் காலையில கேட்டதுக்குப் பதில்.

மண்டிக்காரன் | சனி, மதியம் 12:25

பார்த்தீங்களா, ஒரு வரியில நான் கேட்டதுக்கு ஐயா ஒரு பக்கம் எழுதியிருக்கார். நாமும் படிச்சவங்கதான் போல.

கேத்தி_கேரட் | சனி, இரவு 9:50

ஐயா சொன்னபடி ஆண்டறிக்கையை இறக்கினேன். 200 பக்கத்துக்கு மேல இருக்கு, பாதி போட்டோ. லாப நட்டக் கணக்குல "விதிவிலக்கான இனங்கள்"னு ஒரு வரி இருந்துச்சு. அதுக்குப் பக்கத்துல ஒரு குறிப்பு எண். அந்தக் குறிப்பைத் தேடிப் போனா, வேற ஜில்லாவுல இருந்த ஒரு எஸ்டேட்டை வித்த லாபம்னு போட்டிருக்கு. கணக்குப் போட்டா பங்குக்கு 26 ரூபாய் அதுலயே வந்துடுது. அப்ப தேயிலையில வந்தது 14 தான்.

அஞ்சு வருஷம், அந்த மாதிரி ஒரு தடவை வந்ததையெல்லாம் எடுத்துட்டு, புதுசுல இருந்து பழசுக்கு: 14, 3, நஷ்டம் 6, 9, 5.

240-ஐ 14-ஆல வகுத்தா 17 வருது. 6-ன்னு பார்த்தது 17 ஆயிடுச்சு. இதுதான் சரியான பி.இ.-யா?

கோத்தகிரி_டீச்சர் | ஞாயிறு, காலை 6:30

இன்னும் ஒரு படி இருக்கிறது தம்பி. 14 என்பது இந்த ஐந்தில் மிக நல்ல வருஷம். எல்லாவற்றையும் கூட்டுங்கள், நஷ்டத்தைக் கழித்து: 25. ஐந்தால் வகுத்தால் சராசரி 5. 240-ஐ 5-ஆல் வகுத்தால் 48.

வெலிங்டன் சார் கணக்குப்படி தலைகீழாகப் போட்டால் 2.1 சதவீதம்.

இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. பங்கு முதலீடு பற்றி எழுதிய அமெரிக்கர் பெஞ்சமின் கிரஹாம் ஒரு வருஷ லாபத்தை நம்பாமல் மூன்று வருஷ சராசரியை எடுத்து, அதற்கு 15 மடங்குக்கு மேல் விலை கொடுக்காதே என்றார். கூடவே பி.இ.-யையும் விலைக்கும் புத்தக மதிப்புக்கும் (சொத்தில் கடனைக் கழித்த மீதி, பங்குக்கு) உள்ள மடங்கையும் பெருக்கினால் 22.5-ஐத் தாண்டக்கூடாது என்றும் ஒரு கடிவாளம் வைத்தார். பொருளாதாரப் பேராசிரியர் ராபர்ட் ஷில்லர் இன்னும் நீட்டி, பணவீக்கத்தைச் சரிசெய்து பத்து வருஷ சராசரி எடுக்கிறார். அவருடையது ஒட்டுமொத்தச் சந்தைக்கான அளவு. ஆனால் தேயிலை, இரும்பு, சர்க்கரை மாதிரி ஏறி இறங்கும் தொழிலுக்குத் தனிக் கம்பெனியிலும் அந்த யோசனை பொருந்தும்.

ஒரே வருஷ லாபம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சம்பவம் உண்டு. 2008 நெருக்கடியில் கம்பெனிகளின் லாபம் சுருண்டு போனதால், 2009-ல் அங்கே பெரிய 500 கம்பெனிகளைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீட்டின் பி.இ. 100-ஐத் தாண்டியது. பி.இ.-யை மட்டும் பார்த்தால் சரித்திரத்திலேயே மிக விலை உயர்ந்த சந்தை. உண்மையில் அந்த மார்ச்சில்தான் சந்தை தரை தட்டி, ஏறத் தொடங்கியிருந்தது.

வெலிங்டன்_ஓய்வு | ஞாயிறு, காலை 8:45

சராசரி எடுப்பதிலும் ஒரு கோளாறு இருக்கிறது டீச்சர். ஐந்து வருஷத்துக்கு முன் இருந்த கம்பெனியும் இன்றைய கம்பெனியும் ஒன்றா? நடுவில் கடனை அடைத்திருக்கலாம், நஷ்டத்தில் ஓடிய எஸ்டேட்டைத்தான் விற்றிருக்கலாம். அந்த நஷ்டம் 6 வந்ததே விற்றுவிட்ட அந்தத் தோட்டத்தால் என்றால்? பழைய நஷ்டத்தைக் கூட்டிச் சராசரி போடுவது, போன கலெக்டர் செய்ததற்கு இந்தக் கலெக்டரிடம் மனுக் கொடுக்கிற மாதிரி ஆகிவிடும்.

குன்னூர்_ஏலம் | ஞாயிறு, காலை 9:30

நல்ல கேள்வி. ஆண்டறிக்கையில பிரிவுவாரியா கணக்கு இருந்தா பார்த்துடலாம். தம்பி, இருக்கா?

கேத்தி_கேரட் | ஞாயிறு, காலை 11:15

தோட்டவாரியா இல்லைங்க. மொத்தமா தேயிலைன்னு ஒரே பிரிவு. ஆனா இயக்குநர் அறிக்கையில வித்த எஸ்டேட்டோட உற்பத்தி மொத்தத்துல பத்துல ஒரு பங்குன்னு இருக்கு. அதை மட்டும் வச்சு அந்த நஷ்டம் பூரா அதனாலதான்னு சொல்ல முடியுமான்னு தெரியலை.

கூடலூர்_மிளகு | ஞாயிறு, மதியம் 1:00

எல்லாரும் லாபத்தையே பேசறீங்க. நிலம்? அந்தக் கம்பெனிகிட்ட ஆயிரக்கணக்கான ஏக்கர் இருக்கும். புத்தகத்துல அந்தக் காலத்து விலையில கிடக்கும். கோத்தகிரி ரோட்டுல சென்ட் என்ன விலை போகுதுன்னு பாருங்க. பி.இ. 48-ஆ இருந்தா என்ன, நிலத்தை வச்சுப் பார்த்தா பங்கு கால் விலைக்குக் கிடைக்குதுன்னு எங்க ஊர்ல ஒருத்தர் சத்தியம் பண்றார்.

குன்னூர்_ஏலம் | ஞாயிறு, மதியம் 2:20

இந்தக் கதையை நான் வேலையில சேர்ந்த காலத்துல இருந்து கேட்டுட்டு இருக்கேன். கூடலூர்க்காரர் நீங்களே இதைச் சொல்றதுதான் ஆச்சரியம். உங்க பக்கம் ஜென்ம நிலம் (பழைய ஜென்மி உடைமை), குத்தகை நிலம், வனத்துறையோட வழக்குன்னு எத்தனை எஸ்டேட் முழிச்சுட்டு நிக்குது? கம்பெனி பேர்ல சொந்தமா இருக்கறது எவ்வளவு, குத்தகை எவ்வளவு, குத்தகை எப்ப முடியுதுன்னு பார்க்காம ஏக்கரைப் பெருக்கக் கூடாது.

சொந்த நிலமாவே இருக்கட்டும். தோட்டமா இருக்கற வரைக்கும்தான் நில உச்சவரம்புல இருந்து விலக்கு. செடியைப் பிடுங்கிட்டு மனை போடறதுன்னா அந்த விலக்கே கேள்விக்குறி. மலையில கட்டடம்னா மாஸ்டர் பிளான் இருக்கு, ஹாகா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) அனுமதி இருக்கு. ரோட்டோரம் அஞ்சு சென்ட்டுக்குக் கிடைக்கற விலையை, உள்ளே செங்குத்துச் சரிவுல இருக்கற 800 ஏக்கருக்குப் போட்டுப் பார்க்கறது கணக்கு இல்லை, ஆசை. அந்த நிலத்துக்குத் தேயிலை தர்ற வரும்படிதான் விலை. அது மறுபடி லாபத்துலதான் கொண்டுவந்து விடும்.

அ கம்பெனி ஒரு எஸ்டேட்டை வித்து பங்குக்கு 26 ரூபாய் பார்த்திருக்கு, சரி. அந்தக் காசு எங்க போச்சு? ஈவுத்தொகையா வந்துச்சா, கடனுக்குப் போச்சா?

ஆடிட்டர்_ஊட்டி | ஞாயிறு, மாலை 4:00

தாமதமாக வருகிறேன். தோட்டக் கம்பெனிகளின் லாபத்தைப் படிக்கும்போது சில விஷயங்கள்.

ஒன்று, காலாண்டு லாபத்தை நான்கால் பெருக்கி பி.இ. போடாதீர்கள். அசாம், மேற்கு வங்கத்தில் குளிர்காலத்தில் பறிப்பே இல்லை, ஆனால் செலவு ஓடும். மார்ச் காலாண்டில் நஷ்டம் வருவது சகஜம். இங்கேயும் ஜனவரி உறைபனியில் இலை கருகினால் அந்தக் காலாண்டு படுத்துவிடும். நான்கு காலாண்டும் சேர்ந்தால்தான் ஒரு வருஷம்.

செடியில் நிற்கும் கொழுந்துக்கே சந்தை மதிப்புப் போட்டு, அந்த மதிப்பின் ஏற்ற இறக்கத்தை லாப நட்டக் கணக்கில் காட்ட வேண்டும். இந்தியக் கணக்கியல் தரம் 41 அப்படித்தான் சொல்கிறது. பணம் வராமலே லாபத்தில் சின்ன ஆட்டம் இதனால் வரும்.

வரியும் வேறு மாதிரி. வருமான வரி விதிகளின்படி, விளைவித்துத் தயாரிக்கும் தேயிலை வருமானத்தில் 40 சதவீதம்தான் வணிக வருமானம், மீதி 60 விவசாய வருமானம். அதனால் வரிக்குப் பிந்தைய லாபத்தை வைத்து ஒரு தேயிலைக் கம்பெனியையும் ஒரு பிஸ்கட் கம்பெனியையும் பி.இ.-யில் நேருக்கு நேர் நிறுத்துவது சரிவராது.

அப்புறம், ஒரு பங்கின் பி.இ.-யை நிஃப்டி (என்எஸ்இ பங்குச் சந்தையின் 50 பெரிய கம்பெனிகளின் குறியீடு) பி.இ.-யோடு ஒப்பிடுகிறவர்கள் உண்டு. பழைய வரைபடத்தைப் பார்த்து ஒப்பிடுவதாக இருந்தால் ஜாக்கிரதை. 2021 மார்ச் வரை என்எஸ்இ கம்பெனிகளின் தனிக் கணக்கை வைத்து அந்த எண்ணைப் போட்டது. அந்த மாதக் கடைசியில் துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒட்டுமொத்தக் கணக்குக்கு மாறியது. 40-க்கு மேல் இருந்த எண் ஒரே நாளில் 33 பக்கம் வந்தது. சந்தை அன்று அந்த அளவுக்கு விழவே இல்லை. இன்றும் "நிஃப்டி பி.இ. 25-ஐத் தாண்டினால் விற்றுவிடு" என்று பழைய அளவை வைத்து வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

உங்கள் அ கம்பெனிக்கும் இதே சோதனை. 40 என்பது தனிக் கணக்கா, ஒட்டுமொத்தமா?

கேத்தி_கேரட் | ஞாயிறு, இரவு 8:30

ஒட்டுமொத்தம்தான் சார். எஸ்டேட் வித்த காசுல பெரும்பகுதி பேங்க் கடனுக்குப் போயிருக்கு, பங்குக்கு 2 ரூபாய் ஈவுத்தொகை.

அப்புறம் ஒரு விஷயம். அ-வுக்குச் செஞ்ச மாதிரியே ஆ-வுக்கும் போட்டுப் பார்த்தேன். 30-ன்னு பார்த்து அதைத் திறக்காமலே தள்ளி வச்சிருந்தேன். ஆ-வோட இபிஎஸ் புதுசுல இருந்து பழசுக்கு: 15, 28, 31, 22, 29. கூட்டினா 125, சராசரி 25. விலை 450. பி.இ. 18!

இந்த வருஷம் 15-க்கு இறங்கினதுக்குக் காரணம், ஒரு ஃபேக்டரியை மூடி ஆட்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்த செலவு, கூடவே வறட்சியில இலை குறைஞ்சது. ரெண்டும் அறிக்கையிலேயே இருக்கு.

அப்ப 6-ன்னு இருந்தது 48, 30-ன்னு இருந்தது 18. தலைகீழா இல்ல போச்சு!

மண்டிக்காரன் | ஞாயிறு, இரவு 8:40

இப்பத்தான் தம்பி வியாபாரத்துக்கு வந்திருக்கார்.

வெலிங்டன்_ஓய்வு | ஞாயிறு, இரவு 9:10

நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. 18-ம் எனக்கு அதிகம். தலைகீழாகப் போட்டால் 5.6 சதவீதம், அஞ்சலகத்தை விடக் குறைவு. லாபமும் பெரிதாக வளரவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன் 29, போன வருஷம் 28. எதற்காக இந்தத் தொல்லை?

கோத்தகிரி_டீச்சர் | ஞாயிறு, இரவு 10:00

வளர்ச்சி பற்றிச் சார் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பி.இ. பேச்சில் அதிகம் குழப்புவதும் அதுதான். "வளர்கிற கம்பெனிக்கு 40 கொடுக்கலாம்" என்பார்கள். கொடுக்கலாம், ஆனால் கணக்குப் போட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும்.

ஒரு கம்பெனி பி.இ. 40. வருஷம் 20 சதவீதம் லாபம் வளர்கிறது, ஐந்து வருஷமும் தவறாமல். லாபம் ஏறக்குறைய 2.5 மடங்கு ஆகிவிடும். ஆனால் அதன் பிறகு வளர்ச்சி தணிந்து சந்தை அதற்கு 20 மடங்குதான் கொடுக்கிறது என்றால், விலை 1.25 மடங்குதான். ஐந்து வருஷத்துக்கு இது வருஷம் 4.5 சதவீதம்.

இன்னொன்று பி.இ. 12, லாப வளர்ச்சி வெறும் 8 சதவீதம், ஈவுத்தொகை 3 சதவீதம். ஐந்து வருஷம் கழித்தும் சந்தை அதே 12 கொடுத்தால் போதும், வருஷத்துக்கு 11 சதவீதம் பக்கம் வந்துவிடும்.

முதல் கம்பெனி சொன்னதையெல்லாம் செய்து காட்டியும் பங்கு வாங்கியவருக்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. இந்துஸ்தான் யூனிலீவர், நெஸ்லே மாதிரி கம்பெனிகள் பல வருஷம் 50, 60-க்கு மேல் பி.இ.-யில் நின்றன என்பதும் உண்மைதான். அங்கே லாபம் ஆடாது, புது முதலீடு அதிகம் கேட்காது, சந்தை அதற்கு ஒரு கூடுதல் விலை வைக்கிறது. அந்தக் கூடுதல் எவ்வளவு நாள் நீடிக்கும் என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது.

கூடலூர்_மிளகு | ஞாயிறு, இரவு 10:30

வங்கிப் பங்குக்கும் இப்படிப் பார்க்கலாமா?

ஆடிட்டர்_ஊட்டி | திங்கள், காலை 7:00

வங்கிக்கு விலைக்கும் புத்தக மதிப்புக்கும் உள்ள மடங்குதான் முதலில். வாராக்கடனுக்கு எவ்வளவு ஒதுக்குகிறார்கள் என்பதைப் பொறுத்து லாபம் மாறிவிடும். அதைத் தனி இழையில் கேளுங்கள்.

கேத்தித் தம்பிக்கு: பி.இ.-யில் கடன் தெரியாது. இரண்டு கம்பெனி, இரண்டுக்கும் சந்தை மதிப்பு 100 கோடி, லாபம் 10 கோடி, பி.இ. 10. ஒன்றுக்குக் கடன் இல்லை. மற்றதுக்கு 200 கோடி கடன், 9 சதவீத வட்டி என்றால் வருஷம் 18 கோடி. அதாவது வட்டிக்கு முன் அது 28 கோடி சம்பாதிக்கிறது. வரியை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

இரண்டுக்கும் தொழில் வருமானம் கால் பங்கு இறங்கட்டும். கடன் இல்லாதது 7.5 கோடி சம்பாதிக்கும், பி.இ. 13 ஆகும். கடன் உள்ளது 21 கோடி சம்பாதித்து 18-ஐ வட்டிக்குக் கட்டிவிட்டு 3 கோடியோடு நிற்கும், பி.இ. 33. இன்னும் கொஞ்சம் இறங்கினால் நஷ்டம். தேயிலையில் வருமானம் கால் பங்கு இறங்குவது அபூர்வமா என்று ஏலம் ஐயாவைக் கேளுங்கள்.

குன்னூர்_ஏலம் | திங்கள், காலை 7:35

அபூர்வமெல்லாம் இல்லை. ரெண்டு மாசம் தொடர்ந்து ஏலத்துல லாட் விற்காம திரும்பினா போதும்.

ஆ கம்பெனியோட கடன் எவ்வளவுன்னு பாருங்க தம்பி. கூலி ஒப்பந்தம் புதுப்பிக்கற வருஷம் எப்பன்னும் பாருங்க. பழைய சராசரி 25 பழைய கூலியில வந்தது. மறுநடவு செய்றாங்களா இல்லையான்னும் இயக்குநர் அறிக்கையில இருக்கும். மறுநடவை நிறுத்திட்டா கொஞ்ச வருஷத்துக்கு லாபம் நல்லாத் தெரியும், செடி கிழடாகிட்டே போகும்.

கூடலூர்_மிளகு | திங்கள், காலை 8:10

தினமும் எத்தனை பங்கு கைமாறுதுன்னும் பார்த்துக்கோ. சின்னத் தோட்டக் கம்பெனிகள்ல சில நாள் இருநூறு பங்கு கூட ஓடாது. அங்கே திரையில தெரியற விலையே அரைகுறை, அதை வச்சு பி.இ. போட்டா அதுவும் அரைகுறை. வாங்கறது சுலபம், அவசரத்துக்கு விக்கறப்பதான் தெரியும்.

கேத்தி_கேரட் | திங்கள், இரவு 9:20

ஆ-வுக்கு நீண்டகாலக் கடன் இல்லைங்க. பருவத்துக்கு வாங்கற நடைமுறைக் கடன் கொஞ்சம் இருக்கு. மறுநடவு வருஷாவருஷம் நடக்குது, எக்டேர் கணக்கு போட்டிருக்காங்க. கூலி ஒப்பந்தம் பத்தி ஒரு வரியும் கண்ணுல படலை. அதை எங்க தேடறது?

ஆடிட்டர்_ஊட்டி | செவ்வாய், காலை 6:50

ஊழியர் நலச் செலவு என்ற வரியை ஐந்து வருஷத்துக்கு எடுத்து, அதை அந்தந்த வருஷ உற்பத்தி கிலோவால் வகுத்துப் பாருங்கள். எந்த வருஷம் திடீரென்று ஏறியிருக்கிறதோ அதுதான் ஒப்பந்தம் புதுப்பித்த வருஷமாக இருக்கும். பழைய நிலுவையைச் சேர்த்துக் கொடுத்திருந்தால் குறிப்புகளில் தனியாகப் போட்டிருப்பார்கள்.

வெலிங்டன்_ஓய்வு | செவ்வாய், காலை 7:30

அதையும் கழித்துவிட்டு சராசரி எவ்வளவு வருகிறது என்று போடுங்கள் தம்பி. 20-க்குக் கீழே வந்தால் பி.இ. 22-க்கு மேல் போய்விடும். அப்போது அஞ்சலகத்துக்கே வாருங்கள், அருவங்காடு கிளையில் கூட்டம் இருக்காது. உங்களுக்கு வயசு பத்தாதுதான், அப்பா பெயரில் போடலாம்.